கரவோபெத்ராவில் எலும்பெடுப்பு

செவ்வாய்க்கிழமை வாங்கிய முலாம்பழத்தில் புதன்கிழமை காலை ஒரு குழி விழுந்திருந்தது. ஸ்தமாத்தா அதை இரண்டு கையாலும் தூக்கி, பால்கனிக் கதவோரம் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். வட்டமான குழி, கட்டைவிரல் போய் உட்காரும் அளவு. வாங்கும்போது அது இல்லை. இதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை, ஏனென்றால் பழத்தை அவள் தின்பதற்காக வாங்கவில்லை. தெருச் சந்தையில் பழக்காரன் முகம் சுளிக்கச் சுளிக்கப் பதினைந்தைப் புரட்டிப் பார்த்து, ஒரு ஆண்பிள்ளையின் தலையளவு இருந்த ஒன்றைப் பொறுக்கி எடுத்து வந்திருந்தாள்.

அது ஒத்திகைக்கான பழம். வருகிற சனிக்கிழமை கரவோபெத்ராவின் கல்லறைத் தோட்டத்தில் அவள் புருஷன் பனாகோஸின் தலையை வாங்க வேண்டும்.

அவள் இப்போது குடியிருக்கும் ஏதென்ஸிலிருந்து ஐந்து மணி நேரக் கார்ப்பயணத்தில் இருக்கிற அந்தக் கடலோர ஊரில் சவத்துக்கு மண் வாடகைக்குத்தான். மூன்று வருடம் முடிந்தால் தோண்டி எலும்பை எடுத்து, பெண்கள் கூடி ஒயினில் கழுவி, வெயிலில் உலர்த்தி, பெட்டியில் போட்டுக் கோயிலோரத்து எலும்பறையில் வைத்துவிடுவார்கள். முதலில் வருவது தலை. தோண்டுகிறவன் அதை நெருங்கிய சொந்தத்தின் கையில் கொடுப்பான். அவள் துணியில் ஏந்தி, நெற்றியில் முத்தமிட்டு, மற்றவர்களுக்குக் காட்டுவாள். எல்லாரும் பார்ப்பார்கள். எலும்பு வெளுத்திருந்தால் நல்ல ஆத்மா, கறுத்திருந்தால் பாவி. பார்ப்பதற்குத்தானே கூடுவதே.

போன வாரம் நாத்தனார் காலியோப்பி அங்கிருந்து போன் செய்திருந்தாள்.

"பாதிரியார் தேதி குடுத்துட்டாரு ஸ்தமாத்தா. வர்ற சனிக்கிழமை."

"இந்த சனியா அண்ணி? என் முழங்கால் வேற வீங்கிக் கிடக்கு."

"உன் முழங்காலையா தோண்டப் போறோம்? கார்ல உக்காந்து வாடி. இடத்துக்கு அடுத்த ஆள் காத்துக்கிட்டு இருக்கு. ஒயின் நான் பாத்துக்கிறேன், படையலுக்குக் கோதுமையும் நானே அவிச்சுடுறேன். நீ நல்ல வெள்ளைத் துணியா ஒண்ணு கொண்டா. இங்க விக்கிறது ஒரு தண்ணிக்குத் தாங்காது."

"சரி அண்ணி."

"எலும்பு பால் மாதிரி வரும் பாரு. என் தம்பி மனசு அப்படி."

தம்பியின் மனசு எப்படி என்பதை ஸ்தமாத்தாவின் இடது கையில் கோணலாகக் கூடிப்போன இரண்டு விரல்கள் சொல்லும். அவற்றை யாரும் கேட்டதில்லை.

பனாகோஸ் மொட்டைமாடியில் திராட்சைக் கொடியை இழுத்துக் கட்டும்போது கால் வழுக்கிக் கல்படியில் விழுந்து செத்தான். ஊருக்குத் தெரிந்தது அதுதான். ஆனால் படியில் விழுகிறவன் தலை ஒரு தடவைதான் உடையும். அவன் தலை மூன்று தடவை உடைந்திருந்தது. ஆகஸ்ட் வெயிலில், சாப்பாட்டுக்குப் பிறகு ஊரே ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்கும் நேரத்தில், அவன் அவள் முடியைக் கையில் சுற்றிச் சமையல்மேடையில் முகத்தை ஒருமுறை மோதிவிட்டு, இன்னொரு முறைக்கு முன்னால் தண்ணீர் குடிக்கத் திரும்பினான். பூண்டு இடிக்கும் பித்தளை உலக்கை அவள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. முதல் அடியில் அவன் ஆச்சரியப்பட்டவன்போல் நின்றான். இரண்டாவதில் முழங்காலிட்டான். மூன்றாவது அடி தேவையே இல்லை. அதை அவள் ஆசையாகத்தான் அடித்தாள், அதைத்தான் அவளால் பாவமன்னிப்பில்கூடச் சொல்ல முடியவில்லை.

பிறகு அவனைப் படிக்கு இழுத்துப் போட்டாள். காலியோப்பி வருவதற்குள் ரத்தத்தைக் கழுவி, முடியை வாரி, துணி சுற்றினாள். பக்கத்து ஊர்க் கிழட்டு டாக்டர் புழுக்கம் தாங்காமல் அவசர அவசரமாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அன்றைக்குத் தோலும் முடியும் அவளைக் காப்பாற்றின. இப்போது தோலும் இல்லை, முடியும் இல்லை. வலது காதுக்குப் பின்னால், உலக்கையின் முனை அளவுக்கு, மூன்று வட்டங்கள் மட்டும் இருக்கும்.

ஜெயிலுக்கு அவள் பயப்படவில்லை. பயமெல்லாம் மகள் ஃபோத்தினியை நினைத்துத்தான். இருபத்தாறு வயதுப் பெண், அப்பாவின் லைட்டரை இன்னும் பையில் வைத்துக்கொண்டு திரிகிறவள். அவன் அவள்மேல் ஒருநாளும் கைநீட்டியதில்லை. அவன் செத்த அந்த மத்தியானம் அவள் கடலில் நீந்திக்கொண்டிருந்தாள். உண்மை தெரிந்தால் அவள் கத்தமாட்டாள், அழமாட்டாள், எழுந்து போய்விடுவாள். அதற்குப் பிறகு ஸ்தமாத்தாவுக்கு இந்த உலகத்தில் யார் இருக்கிறார்கள்?

புதன் சாயங்காலம் வேலையிலிருந்து வந்த ஃபோத்தினி செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்:

"அம்மா, அப்பா தலைய நான் வாங்கிக்கிறேன். அத்தைகிட்ட சொல்லிட்டேன்."

"நான் இருக்கும்போது நீ எதுக்கு?"

"உனக்குக் கை நடுங்குதும்மா. கீழ போட்டுட்டா?"

"முப்பது வருஷம் அந்தத் தலைக்கு எண்ணெய் தேய்ச்சவ நானு. எனக்குப் போடத் தெரியாது."

ஃபோத்தினி சிரித்துவிட்டு விட்டுக்கொடுத்தாள். அம்மாவுக்கு இத்தனை பாசம் இருப்பது அவளுக்கே புதிதாக இருந்திருக்க வேண்டும்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்பார்கள். ஸ்தமாத்தா மறைக்க வேண்டியது அதைவிடச் சின்னதுதான். மகள் வேலைக்குப் போனதும் வெள்ளைத் துணியை விரிப்பாள், பழத்தை ஏந்துவாள், வலது உள்ளங்கை தானாகப் பின்பக்கத்தை மூடும்படி தூக்குவாள், நெற்றிக்கு முத்தம், காட்டுவது முகத்தை மட்டும், அப்படியே ஒயின் பாத்திரத்தில் இறக்கி, கழுவுவதும் அவளே. கையை எடுக்கவே கூடாது. ஐம்பது தடவை, அறுபது தடவை. உள்ளங்கை அந்த இடத்தைப் பாடமாக்கிக்கொண்டது.

வியாழக்கிழமை பழத்தில் குழி இரண்டாகியிருந்தது. பக்கம் பக்கமாக, வலது பின்பக்கத்தில், உள்ளங்கை மூடும் இடத்தில். நான்தான் அழுத்திவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு அதைக் குப்பையில் போட்டுவிட்டு, புதிதாக ஒன்று, கல் மாதிரி கெட்டியான காய்ப்பழமாக வாங்கி வந்தாள். அதைத் தொடவில்லை. அடுப்புக்குக் கீழே இருந்த ரொட்டி சுடும் அறைக்குள் வைத்து, இரும்புக் கதவைச் சாத்தி, முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள்.

மத்தியானம் தெரு அடங்கியது. ஜன்னல் சட்டங்களின் இடுக்கு வழியாக வெயில் கோடு கோடாகத் தரையில் கிடந்தது, மாடிவீட்டு மின்விசிறி எங்கோ கிறீச்சிட்டது, கழுவுதொட்டிக் குழாய் நெடுநேரத்துக்கு ஒரு சொட்டு விட்டது, சமையலறை முழுக்க நசுக்கிய பூண்டின் வாடை அடித்தது. அவள் மூன்று வருடமாகப் பூண்டு வாங்குவதில்லை. எழுந்து ஜன்னலைத் திறக்கலாம் என்று நினைத்தாள். எழவில்லை.

சத்தம் கேட்டது.

கனமான, மந்தமான சத்தம். ஈரமான எதன்மீதோ உலோகம் இறங்கியதுபோல. உள்ளேயிருந்து.

குழாய் சொட்டியது. இரண்டாவது. இரும்புக் கதவு அதிர்ந்தது. வெயில் கோடுகள் அசையவில்லை. மின்விசிறி நின்றுவிட்டிருந்தது. பிறகு, யாரோ கொஞ்சம் யோசித்துவிட்டு ஆசையோடு அடித்ததுபோல, மூன்றாவது.

கதவைத் திறந்தாள். பழம் இருந்த இடத்திலேயே இருந்தது. மூன்று குழிகள். மூன்றாவதன் விளிம்பு அப்போதுதான் உள்ளே மடிந்துகொண்டிருந்தது. சாறு வழிந்து தட்டில் சொட்டியது.

எவ்வளவு நேரம் குளியலறைக் கதவைத் தாளிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்று தெரியாது. வெளியே வந்தபோது மகள் வந்திருந்தாள். சமையல்மேடையில் பழம் வகுந்து கிடந்தது. ஃபோத்தினி நின்றபடியே தின்றுகொண்டிருந்தாள், தாடை வழியாகச் சாறு ஓட.

"எதுக்கும்மா இதப் போய் அடுப்புக்குள்ள வெச்சிருந்த?"

"அதத் துப்பு."

"ஏன்?"

"அடிபட்ட பழம்டி. துப்பு."

"அடிபட்ட இடம்தாம்மா தேன். இந்தா, ஒரு வாய்." முழுங்கிவிட்டு உதட்டை நக்கினாள். "கொஞ்சம் பூண்டு வாசனை வருது. கத்தியா இருக்கும்."

வாயைத் திறந்தால் எல்லாம் வெளியே வந்துவிடும். மகள் மூன்று குழியையும் தின்று முடிக்கும்வரை ஸ்தமாத்தா பார்த்துக்கொண்டு நின்றாள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கல்லறைத் தோட்டத்தில் வெயில் ஏறிவிட்டது. கீழே கடல் எண்ணெய்போலக் கிடந்தது. பாதிரியார் ஓதினார், தோண்டுகிறவன் மார்பளவு குழியில் நின்று முதலில் மண்வெட்டியாலும் பிறகு கையாலும் தோண்டினான். கறுப்பு உடுத்திய ஆறு பெண்கள், ஒயின் பாத்திரம், தட்டில் சர்க்கரை தூவிய கோதுமை. ஃபோத்தினி வெள்ளைத் தலைத்துணி கட்டியிருந்தாள். பனாகோஸுக்குப் பிடித்த துணி அது.

"இந்தாங்கம்மா" என்றான் தோண்டுகிறவன்.

ஸ்தமாத்தா ஏந்தினாள். எதிர்பார்த்ததைவிட லேசாக இருந்தது. உள்ளங்கை தன் இடத்துக்குப் போனது.

வழவழப்பு.

விரலை நகர்த்தினாள். மேலே. கீழே. காதுக்குப் பின்னால் முழுக்க. வழவழப்பு. எலும்பைத் திருப்பினாள், எல்லார் முன்னாலும் திருப்பினாள். கவிழ்த்த கிண்ணம்போல, ஒரு கீறல்கூட இல்லாமல் வெள்ளை வெளேரென்று இருந்தது.

"சொன்னேன்ல?" காலியோப்பி விசும்பினாள். "என் தம்பி தங்கம். பாருங்க எல்லாரும். பால்."

ஸ்தமாத்தா தலையை மார்போடு அணைத்துக்கொண்டாள். அழுதாள். நிஜமாகவே அழுதாள், சந்தோஷத்தில். மூன்று வருடத்தில் முதல்முறையாக மூச்சு முழுசாக உள்ளே போனது. கடவுள் அவள் பக்கம்தான் இருந்திருக்கிறார். தலையை நாத்தனாரின் கையில் தாராளமாகக் கொடுத்தாள். யார் வேண்டுமானாலும் கழுவட்டும். காலியோப்பி ஒயினில் அமிழ்த்தி எடுத்துத் துணியில் வைத்தாள். ஃபோத்தினி முன்னால் வந்து மண்டியிட்டு, அப்பாவின் நெற்றியில் முத்தமிடக் குனிந்தாள்.

அவள் தலைத்துணியில் பொட்டளவு சிவப்பு. வலது காதுக்குப் பின்னால்.

"ஒயின் தெறிச்சிடுச்சு பாரு, நல்ல துணி" என்றாள் காலியோப்பி.

அந்தப் பக்கம் யாரும் ஒயின் ஊற்றவில்லை. பொட்டு காசளவானது. பக்கத்திலேயே இன்னொன்று மலர்ந்தது.

ஸ்தமாத்தா மண்டியிட்டு மகளின் தலையைப் பிடித்தாள். உள்ளங்கை பாடம் மறக்கவில்லை. துணிக்குக் கீழே எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் எலும்பு இல்லை. விரல்கள் இறங்கின. சூடு. மணிக்கட்டு வழியாக வழிந்து சட்டைக் கைக்குள் ஓடியது.

"அம்மா, கைய எடு. முத்தம் குடுக்கணும்."

"வேண்டாம்டி. அசையாத."

"ஏம்மா இப்படி அழுத்துற? எனக்கு ஒண்ணுமில்லம்மா." ஃபோத்தினி முகத்தைத் திருப்பிச் சிரித்தாள். ஒரு கண்ணின் வெள்ளை முழுக்கச் சிவந்திருந்தது. "லேசாத் தலை பாரமா இருக்கு. அவ்வளவுதான்."

"நீ தள்ளு ஸ்தமாத்தா" என்று காலியோப்பி குனிந்தாள். "துணிய அவுத்துக் குடு. கறை காயறதுக்குள்ள அலசிடுறேன்."

அவள் விரல்கள் ஃபோத்தினியின் தாடைக்குக் கீழே முடிச்சைத் தேடின. ஸ்தமாத்தா இரண்டு கையாலும் அழுத்தினாள். ஆறு பெண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முடிச்சு இளகியது. அவள் உள்ளங்கைக்குக் கீழே, கனமாக, மந்தமாக, மூன்றாவது குழி விழத் தொடங்கியது.