மாத்திரையா, பொறுமையா?

மூடநம்பிக்கை அனைத்தையும் பூமியிலேயே விட்டுவிட்டு, அறிவை மட்டும் சுமந்துகொண்டு மனிதகுலம் விண்வெளியில் குடியேறியது. சீரிஸ் குறுங்கோளிலுள்ள புதுத்துறைக் குடியிருப்பின் வாசலில் இப்படித்தான் பித்தளையில் பொறித்திருக்கிறது. பலகைக்குக் கண்பட்டுவிடாமலிருக்க, அதன்மேல் முப்பரிமாண அச்சியந்திரத்தில் வார்த்த எலுமிச்சம்பழம் ஒன்று தொங்குகிறது.

அன்று காலையும் மருத்துவமனை வராந்தாவில் நோயாளிகள் வழக்கம்போல் உச்சவரம்பில் முட்டிக்கொண்டிருந்தார்கள். சீரிஸில் ஐம்பது கிலோ ஆள் ஒன்றரைக் கிலோதான் கனப்பார். தொற்றுவிக்கல் வந்தவர் ஒவ்வொரு விக்கலுக்கும் மேலே போய்த் தலையை இடித்துக்கொண்டு, நிதானமாக இறங்குவார். இறங்கி முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். விக்கல் வராத வீடே இல்லை. தலையில் தலையணை கட்டிக்கொண்டு வேலைக்குப் போவது ஊருக்குப் பழகிவிட்டது.

மருத்துவர் தில்லைநாயகியின் கவலை வேறு. தண்ணீர்த் தொட்டியில் பாசி பிடிக்காமலிருக்கப் போடும் நீல மாத்திரையை விழுங்கினால் விக்கல் நிற்கும் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். செவ்வாயிலிருந்து மருந்துக் கப்பல் இருபது நாளில் கிளம்பும். ஊரே விழுங்கும் அளவுக்கு நீல மாத்திரையை ஏற்றினால் குழந்தைகளின் தடுப்பூசிக்கு இடமிருக்காது. அடுத்த கப்பல் இரண்டு வருடம் கழித்துத்தான். எதை ஏற்றுவது என்று அவர்தான் எழுதியனுப்ப வேண்டும். பாதிப் பேருக்கு மட்டும் மாத்திரை கொடுத்துச் சோதித்துப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, "நாங்க என்ன எலியா டாக்டரம்மா?" என்று ஊரே கொதித்தது.

ஆகவே புதுத்துறைச் சட்டப்படி விஷயம் பட்டிமன்றத்துக்குப் போனது. பாலமோ பள்ளிக்கூடமோ மருந்தோ, எதற்கும் அங்கே அதுதான் வழி. நடுவர் ஓர் இயந்திரம். முந்நூறு வருடத்துப் பட்டிமன்றங்களை ஊட்டி வளர்த்த இயந்திரம் என்பதால், இல்லாத தன் மனைவியைப் பற்றி ஒரு நகைச்சுவை சொல்லிவிட்டு, கைதட்டலுக்காக நான்கு விநாடி நிற்கும்.

"எங்க மச்சான் ராத்திரி போட்டான், காலைல நின்னுடுச்சு. இதைவிட என்னங்க ஆராய்ச்சி வேணும்?" என்றார் மாத்திரை அணித் தலைவர் ஏகாம்பரநாதன்.

விக்கல் தானாக நிற்கும்வரை காத்திருக்கலாம் என்ற பொறுமை அணியின் செண்பகவல்லி எழுந்தார். "உங்க மச்சானுக்கு வந்தது விக்கலே இல்லீங்க. உங்க வீட்டுச் சாப்பாடு தொண்டைல நின்னுருக்கும்."

அரங்கம் அதிர்ந்தது. தில்லைநாயகிக்கும் இரண்டு நிமிடம் கொடுத்தார்கள். 'புள்ளிவிவரம்' என்று வாயெடுத்ததுமே மணியடித்துவிட்டார்கள்.

நடுவர் தீர்ப்புக்கு வந்தது. "மாத்திரை அணி பேசும்போது மாத்திரைதான்னு தோணுச்சு. பொறுமை அணி பேசும்போது பொறுமைதான்னு தோணுச்சு. ஆகவே இடவரிசை வீடுகளுக்கு மாத்திரை, வலவரிசை வீடுகளுக்குப் பொறுமை."

தில்லைநாயகிக்கு உடம்பு சிலிர்த்தது. இடப்பக்கம் இருநூறு வீடு, வலப்பக்கம் இருநூறு வீடு. அவர் கெஞ்சியும் கிடைக்காத சோதனைக்குத்தான் ஊர் இப்போது எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தது.

மாத்திரை தின்றவரின் சிறுநீர் நீலமாகும். பதினைந்து நாள் கழித்து, வீட்டுக்கு ஒன்றாக வந்த பாட்டில்களைச் செவிலியர் இருதயராஜ் அடுக்கிவைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"இடவரிசை பூரா மஞ்சளா இருக்கு டாக்டரம்மா."

"அவங்களுக்குத்தானே மாத்திரை குடுத்தோம்?"

"குடுத்தோம். 'நமக்கு மட்டும் சும்மா குடுக்கறாங்கன்னா இதுல ஏதோ இருக்கு'ன்னு எதிர்வரிசைல குடுத்துச் சர்க்கரையா மாத்திக்கிட்டாங்க."

"எதிர்வரிசைல?"

"அவங்க பூரா நீலம். 'நமக்கு மட்டும் இல்லைன்னாங்கன்னா இதுல ஏதோ இருக்கு'ன்னு."

"பொறுமைன்னு பேசினாங்களே, அந்தம்மா?"

"இருக்கறதுலயே கடும் நீலம் அவங்கதான்."

தில்லைநாயகி அசரவில்லை. வரிசை மாறினால் என்ன, நீலம் ஒரு பக்கம், மஞ்சள் ஒரு பக்கம். எண்ணிப் பார்த்தார். நீலத்துக்கும் ஒன்பதாம் நாள் விக்கல் நின்றிருந்தது. மஞ்சளுக்கும் ஒன்பதாம் நாள். 'மாத்திரையால் பயனில்லை. தடுப்பூசி ஏற்றவும்' என்று செவ்வாய்க்கு எழுதி, அறிவியல் வென்ற பெருமிதத்தோடு கையெழுத்திட்டார்.

"ஒரு பாட்டில் குறையுது டாக்டரம்மா. வலவரிசை பதினேழு."

"அது என் வீடுதான்," என்றார் தில்லைநாயகி, காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமல். "ஒண்ணு குறைஞ்சா ஒண்ணும் ஆயிடாது. அப்புறமாத் தரேன்."

நீலம் உடம்பைவிட்டுப் போக மூன்று நாள் ஆகும். தில்லைநாயகி தன் பாட்டிலை நான்காம் நாள் கொடுத்தார்.