அப்பீலை வாபஸ் வாங்கு!

ட்ரிங்... ட்ரிங்...!

வெள்ளவத்தையில், காலி வீதி என்ற பெருந்தெருவிலிருந்து கடலுக்கு இறங்கும் குறுகிய ஒழுங்கை. அதன் நடுவில் ஒரு பழைய வீடு. உள்ளே, ஓய்வுபெற்ற டீச்சர் சிவக்கொழுந்து டெலிபோனை நோக்கிப் பாய்ந்தார். அந்தப் பாய்ச்சலைப் பார்த்திருந்தால் சிறுத்தை வெட்கப்பட்டிருக்கும்!

போன தீபாவளிக்குப் பிறகு அந்த டெலிபோன் அடித்ததே இல்லை. அன்றைக்கு வந்ததும் ராங் நம்பர். அந்த மனுஷனைக்கூட அரை மணித்தியாலம் கதைத்துத்தான் விட்டார்.

"ஹலோ!"

"அப்பீலை... வாபஸ் வாங்கு!" துவாயால் வாயைப் பொத்திய கரகரப்புக் குரல். "இல்லாட்டி... பிணம் விழும்!"

டீச்சர் சுவர்க் கலண்டரைப் பார்த்தார்.

இன்றைக்குத்தான் இன்ஸ்பெக்ஷன்!

வீட்டை இடித்து ஐந்து மாடி பிளாட் கட்ட விண்ணப்பித்திருந்தார். கவுன்சில் நிராகரித்தது. 'அயலவர் ஒருவரின் எதிர்ப்பு. காற்று தடைபடும்.' எந்த அயலவர்? கவுன்சில் வாய் திறக்கவில்லை.

டீச்சர் விடுவாரா? சட்டம் கேட்டதைவிட மதிலோரம் ஒரு முழம் கூடவே இடம் விட்டுத்தான் பிளான் போட்டிருக்கிறேன், வந்து அளந்து பாருங்கள் என்று அப்பீல் போட்டார்!

பிளாட் வந்தால் படியில் காலடிச் சத்தம் கேட்கும். யாராவது கொஞ்சம் சீனி கேட்டுக் கதவைத் தட்டுவார்கள். தோற்றால்...? வீட்டை விற்றுவிட்டு, ரொறொன்ரோவில் மகன் வீட்டு நிலக்கீழ் அறை. பனியும் டீச்சரும் மட்டும்!

பயந்த மனுஷி என்றால் போனை வைத்திருப்பாள். ஆனால்... வலிய வந்த ஒரு குரலை எப்படி விடுவது?

"தம்பி... சாப்பிட்டியே?"



"எ... என்ன?"

"தொண்டை கட்டிக் கிடக்கு. கொத்தமல்லி அவிச்சுக் குடிக்கேல்லையே?"

"குடிச்சன்... ஏய்! நான் மிரட்டுறன்!"

"ஓம், ஓம். ஆறுதலா மிரட்டு. எனக்கென்ன அவசரம்?"

அப்போதுதான் அது கேட்டது.

சூன் பாண்! பாட்டுப் போட்டுக்கொண்டு பேக்கரிப் பாண் விற்கிற ஓட்டோ!

முதலில் டெலிபோனுக்குள் அலறியது... காது கிழிகிற மாதிரி! அடுத்த நிமிஷம் டீச்சரின் கேற்றடியில்!

ஓட்டோ காலி வீதியிலிருந்து இறங்கி, பக்கத்து வீட்டைத் தாண்டித்தான் இங்கே வரும்.

அப்படியென்றால்... கொலைகாரன்... பக்கத்து வீட்டில்!!

டீச்சர் விளக்குமாறோடு போய்க் கதவை உதைத்தார்.

ஒரு கையில் ரிசீவர், மறு கையில் துவாய். ஹெக்டர்! ரயில்வே கார்டாக இருந்து பென்ஷன் எடுத்த, பறங்கி இனத்து மனுஷன். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார். முப்பது வருஷமாக மதிலுக்கு மேலால் டீச்சருக்கு ஒரு 'குட்மோர்னிங்'. அவ்வளவுதான் பழக்கம்.

"மிஸ்டர் ஹெக்டர்! எதிர்ப்புக் குடுத்ததும் நீங்களோ?"

"நான்தான், டீச்சர்." துவாய் இப்போது கண்ணைத் துடைத்தது. "கட்டத் தொடங்கினா நீங்க வேற எங்கயோ வாடகைக்குப் போயிடுவீங்க. ரெண்டு வருஷம்! நான் ஆருக்கு குட்மோர்னிங் சொல்றது? கவுன்சில் நிப்பாட்டினா இங்கயே இருப்பீங்கதானே?"

"அட மடச் சாம்பிராணி! தோத்தா நான் கனடா!"

"கன... டாவா?"

பிணம் விழும் என்றவர், கிட்டத்தட்ட அவரே விழுந்தார்!

வாசலில் ஜீப் நின்றது. அளவு நாடாவோடு கவுன்சில் அதிகாரி இறங்கினார்.

"சேர்!" ஹெக்டர் செருப்பில்லாமல் ஓடினார். "எதிர்ப்புக் குடுத்தது நான்! வாபஸ்! காத்து தேவைக்கு மேலால வருது, சேர்! போன கிழமை என்ட தொப்பியையே கொண்டு போச்சு!"

அதிகாரி அளந்தார். மறுபடியும் அளந்தார்.

"அளவு சரி. எதிர்ப்பும் இல்ல. அப்பீலைத் தடுக்க எனக்கு ஒரு காரணமும் இல்ல, டீச்சர்."

ஜீப் போனது. ஒழுங்கை பழையபடி வெறிச்சோடியது.

"டீச்சர்... கட்டி முடியிறவரைக்கும்... என்ட மேல் மாடி சும்மாதான் கிடக்கு."

டீச்சர் விளக்குமாற்றை அவர் கையில் திணித்தார்.

"அப்ப முதல்ல அதைக் கூட்டுங்கோ! பிணம் விழுற அலுவலை பிளாட்டில லிஃப்ட் போட்டாப் பிறகு வைச்சுக்கொள்ளுவம். அஞ்சாம் மாடியில இருந்து பிணத்தைப் படியால ஆர் தூக்கி இறக்கிறது?"