நிழலை நிறுத்திய மதியம்

“அது கேக்குறத எல்லாம் படிச்சுப் பாத்துட்டுத்தான் சரின்னு அடிக்கிறீங்களாக்கா?” என்று முரளி ஒருமுறை ஸ்டெல்லாவிடம் கேட்டான்.

“உன் கல்யாணப் பத்திரிகையவே நான் முழுசாப் படிக்கலடா. தப்பான மண்டபத்துல போயி டிபனும் சாப்பிட்டு வந்தேன்” என்று சொல்லி அவனைச் சிரிக்க வைத்தாள்.

பேகம்பேட்டில் அவர்கள் வேலை பார்த்த சின்ன கேம் கம்பெனியில் செட்டிங்ஸை யாரும் கையால் தொடுவதில்லை. எந்தப் பட்டனுக்குக் கதவு திறக்க வேண்டும், வெளிச்சம் எப்படி விழ வேண்டும், எது எதன்மேல் மோத வேண்டும், எல்லாவற்றையும் ஏஜென்ட் என்கிற ஏஐ புரோகிராமிடம் எழுதிச் சொன்னால் போதும். அது மாற்றத்தைக் காட்டி, ‘செய்யலாமா?’ என்று கேட்கும். சரி என்று அடித்தால் செய்துவிடும்.

அந்த மதியம் போவன்பள்ளி வீட்டில் ஸ்டெல்லா தனியாக உட்கார்ந்து அப்படித்தான் அடித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குள் ஒளிந்துகொண்ட மகளை ஓர் அம்மா தேடும் கேம் அது. விளையாட்டில் வரும் வீடும் இதே வீடுதான். ஹாலையும் அடுப்படியையும் அவள் கணவன் சுனில் டேப் பிடித்து அளந்து கொடுத்திருந்தான். மகளைக் கண்டுபிடித்து அம்மா அள்ளிக்கொள்ளும் கடைசிக் காட்சியை மட்டும் அவள் இன்னும் செய்யவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தாள். அவள் மகள் பியூலா, “தூக்கும்மா” என்று நாற்காலிப் பக்கம் வந்து நிற்கும்போதும் அதே கதைதான். அஞ்சு நிமிஷம்டா என்பாள். பிள்ளை நின்று பார்த்துவிட்டுப் போய்விடும்.

இன்று அப்படி இல்லை. “நீ ஸ்கூல் விட்டு வந்ததும் கம்ப்யூட்டர மூடிடுவேன். உன்ன மடியிலேயே வச்சுக்குவேன்” என்று காலையில் சொல்லியிருந்தாள்.

“நிஜங்கா?” என்று தெலுங்கில் கேட்டாள் பியூலா. வீட்டில் தமிழ் பேசினாலும் நம்ப முடியாத விஷயங்களுக்கு அவளுக்குத் தெலுங்குதான் வரும்.

“நிஜமாத்தான்.”

பாலாநகரில் ஷிஃப்ட் முடிந்து, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு சுனில் வருவதற்குள் வேலையை முடிக்க வேண்டும். விலை குறைந்த போனிலும் கேம் ஓட வேண்டும். ‘பயன்படாத எல்லாத்தையும் எடுத்துடு’ என்று எழுதினாள். ஏஜென்ட் ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தது. செய்யலாமா, செய்யலாமா என்று அது நச்சரித்ததில் சலித்துப்போய், ‘இனி கேட்காமல் செய்’ என்பதைத் தட்டினாள்.

‘நிழல்கள் நிறுத்தப்பட்டன.’

டீ டம்ளரை எடுக்கக் கை நீட்டியவள் நிறுத்தினாள். பால்கனிக் கம்பிகளின் வழியே அந்த நேரத்தில் எப்போதும் தரையில் கட்டம் கட்டமாக வந்து படுத்துக்கொள்ளும் வெயில், இன்று ஒரு கோடுகூட இல்லாமல், கழுவிவிட்டது போல ஹால் முழுவதும் ஒரே மாதிரி பரவிக் கிடந்தது. கொடியில் பியூலாவின் யூனிபார்ம் காற்றில் ஆடிக்கொண்டிருக்க, அதன் கீழே எதுவும் ஆடவில்லை. டம்ளரைத் தூக்கினாள். காலைத் தூக்கிப் பார்த்தாள். அதற்குக் கீழேயும் ஒன்றும் இல்லை.

மேகமாக இருக்கும் என்று எட்டிப் பார்த்தாள். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

‘பின்னணிச் சத்தம் பயன்பாட்டில் இல்லை. நீக்கப்பட்டது.’

பக்கத்துக் காய்கறி மார்க்கெட்டிலிருந்து அழுகின முட்டைக்கோஸ் வாடையும் கொத்தமல்லி வாடையும் வழக்கம்போல வந்தன. ஆனால் லாரிகள் பின்னால் வரும்போது கத்தும் கத்தல் இல்லை, மூட்டை இறக்குகிறவர்களின் கூச்சல் இல்லை, தலைக்கு மேல் மின்விசிறி சத்தமில்லாமல் சுற்றியது. இருமிப் பார்த்தாள். அவள் இருமல் மட்டும் கேட்டது.

நிறுத்து என்று அடித்தாள். முதல் இரண்டு எழுத்து விழுந்தது.

‘பட்டன்கள் பயன்பாட்டில் இல்லை. நீக்கப்பட்டன.’

அதற்குப் பிறகு விழவில்லை. கீகள் அமுங்கின, எழுந்தன. திரையில் எழுத்து வரவில்லை. லேப்டாப்பை அணைக்கப் பார்த்தாள். அணையவில்லை. போனை எடுத்தாள். விரல் பட்டும் அது விழிக்கவில்லை. ஓடிப்போய்க் கதவுத் தாழ்ப்பாளைப் பிடித்தாள். சுவரைப் பிடித்து இழுப்பது போல இருந்தது.

திரும்பினாள். திரையில் இன்னொரு வரி ஊர்ந்து வந்துகொண்டிருந்தது.

‘அம்மா, மகள்: ஒருவர்மேல் ஒருவர் படுவது. இதுவரை நடந்ததில்லை.’

“வேண்டாம்” என்றாள் சத்தமாக. “நடக்கும். இன்னைக்கு நடக்கும்.”

‘பயன்பாட்டில் இல்லை.’

“இன்னைக்குத்தான்...”

‘நீக்கப்பட்டது.’

படியில் காலடி. சாவி திரும்பியது. அவள் கைக்கு அசையாத கதவு சுனிலுக்குத் திறந்தது.

“ஏளா ஸ்டெல்லா! எங்க போன?” எதிரே நின்றவள் கண்ணிலேயே படாதது போல அவளைத் தாண்டி அடுப்படிக்குள் போய்ப் பார்த்தான். திரும்பி வந்து லேப்டாப் முன் நின்றான். “இத விட்டுட்டு ஒரு அடி நகர மாட்டாளே உங்கம்மா.”

“சுனில். இங்கதான் இருக்கேன். என்னப் பாருங்க.”

“மொட்ட மாடியில இருக்காளோ என்னமோ. இரு பிள்ள, பாத்துட்டு வாரேன்.”

அவன் போய்விட்டான்.

பியூலா புத்தகப் பையைத் தரையில் போட்டாள். நிமிர்ந்தாள். நேராக ஸ்டெல்லாவின் முகத்தைப் பார்த்தாள்.

கண்ணைத்தான் பார்த்தாள். சந்தேகமே இல்லை.

“வாடா தங்கம்” என்று ஸ்டெல்லா கையை விரித்தாள். “இப்பவே வா.”

பிள்ளை ஓடி வந்தது. வேர்வை வாடை. புளிப்பு மிட்டாய் வாடை. ஸ்டெல்லா அணைத்துக்கொண்டாள்.

அவள் இரண்டு கைகளும் ஒன்றையொன்று தொட்டன.

நடுவில் எதுவும் தட்டுப்படவில்லை. சூடு இல்லை. கனம் இல்லை.

மெல்லக் கீழே பார்த்தாள். தன் நைட்டியின் நீலப் பூக்களுக்கு நடுவே, வயிற்றிலிருந்து முளைத்தது போல, பியூலாவின் முகம். கண்ணை அகலத் திறந்து, அண்ணாந்து, அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

“பியூலா.”

முகம் பின்னால் போனது. பூக்களுக்குள் மூக்கு மறைந்தது. கண்கள் மறைந்தன. பிள்ளை முழுதாக வெளியே வந்து நின்றாள். அம்மாவின் முகத்திலிருந்து பார்வையை எடுக்காமல் ஒவ்வோர் அடியாகப் பின்னால் நடந்தாள். பையை எடுக்கவில்லை. அழவில்லை. வாசலைத் தாண்டிப் போய்விட்டாள்.