விளக்கைப் போட்ட வைத்தியர் மகன்

எந்த மகானுபாவன் லைட்டைப் போட்டது?

ஆய்வுக்கூடக் கதவைத் திறந்ததுமே ஆராய்ச்சி மாணவியான அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எலி அறையில் பகல் முழுக்க இருட்டுதான் இருக்க வேண்டும். இருட்டில்தான் எலிகள் விழித்து ஓடும். அப்போதுதான் வைத்தியர் ஒருவர் கொடுத்த மூலிகை வேர் நரம்பை அடக்கித் தூங்க வைக்கிறதா என்று சோதிக்க முடியும். இங்கேயோ ட்யூப்லைட் பளீரென்று எரிய, வேர்ச்சாறு குடித்த எலிகள் சுகமாகச் சுருண்டு தூங்கின.

பக்கத்தில், மழையில் நனைந்த தலையோடு ஒருவன். அந்த வைத்தியரின் மகனாம்.

"பாவமா இருந்துச்சுங்க... இருட்டுல கிடந்துதுங்க."

பாவமாம்! லைட்டை அணைத்துவிட்டு அவள் பொரிந்து தள்ளினாள். அவன் அத்தனையையும் வாங்கிக்கொண்டான். திட்டு வாங்கும்போதுகூட அந்தக் கண்கள்... சீ, கண்ணாவது மண்ணாவது!

அதற்குள் வைத்தியரோடு துறைத் தலைவர் வந்துவிட்டார். வெறும் தண்ணீர் குடித்த எலிகள் அடுத்த இருட்டறையில் ஓடுகின்றன. வேர் குடித்தவை இங்கே தூங்குகின்றன. போதாதா அவருக்கு? வேர் பலித்துவிட்டது, அறிக்கை எழுது என்றார். வைத்தியர் மகன் லைட்டைப் போட்டதால் வந்த தூக்கம் இது என்று அவள் தலைபாடாக அடித்துக்கொண்டாள். என் மகன்மேல் பழிபோட்டு என் வேரைக் கெடுக்கப் பார்க்கிறாயா என்று வைத்தியர் எகிறினார்.

மகனோ தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். வாயில் என்ன கொழுக்கட்டையா? நாளைக்கு இந்தப் பொய்யை நம்பி எத்தனை நோயாளிகள் குடிப்பார்கள்! ஆத்திரத்தில் கண்ணீர் முட்ட, அவனை ஒரு முறை முறைத்துவிட்டுத் திரும்பினாள்.

"நான்தாம்ப்பா லைட்டைப் போட்டேன். அவங்க சொல்றதுதான் நிஜம்."

வைத்தியரின் முகம் சுண்டிப்போயிற்று. வீட்டுப் பக்கம் வந்துவிடாதே என்று சொல்லிவிட்டுப் போனார். தலைவரும் வேண்டா வெறுப்பாக, முதலிலிருந்து சோதிக்கச் சொன்னார்.

வாசலில் மழை விடவில்லை. அவளுடைய கோபமும்தான்.

"சொல்றதுக்கு இவ்வளவு நேரமா?"

"அப்பா முகத்தைப் பார்த்தா பயமா இருந்துச்சு. அப்புறம் உங்க முகத்தைப் பார்த்தேன்... அது அதைவிடப் பயமா இருந்துச்சு."

சிரிப்பு வந்து தொலைத்தது. உதட்டைக் கடித்து அடக்கினாள்.

"இன்னொண்ணையும் சொல்லிடறேங்க. உங்களை எனக்குப் புடிச்சிருக்கு."

"வீட்டுக்கே வரக்கூடாதுன்னுட்டுப் போறார் உங்கப்பா. இதைச் சொல்ற நேரமா இது?"

"இனிமே இழக்க என்ன இருக்கு... உங்களைத் தவிர."

இப்படிப் பேசினால் ஒரு பெண் என்னதான் செய்வாள்? அதே திட்டும் குரலில்தான் அவளால் சொல்ல முடிந்தது.

"எனக்கும்தான் புடிச்சிருக்கு. போதுமா?"