கொப்பியில் நடந்த தம்பி

என் தம்பியின் வலது கால் கட்டிலுக்குக் கீழே கிடந்தது.

பயப்படவேண்டாம். அது வவுனியாவில் செய்து தந்த புதுக் கால். முழங்காலுக்குக் கீழே மாட்டிக்கொள்ள வேண்டும். போன வருடம் ஆடு தேடிப் பற்றைக்குள் போன கோகுலன், மிதிவெடியில் அகப்பட்டுக் காலை இழந்தான். அதற்கு மேல் அந்தக் கதையை எங்கள் வீட்டில் யாரும் எடுப்பதில்லை. எடுத்தால் அம்மா அழுவார்.

காலைச் செய்து தந்தவர் கமலேஸ்வரி மிஸ். அவர் கோகுலனுக்கு நேராகவே சொல்லியிருந்தார்.

"ஒவ்வொரு நாளும் போட்டு நடந்து பழகவேணும். அடுத்த மாதம் வரேக்க நீ நடக்கிறதை நான் பார்க்கவேணும். போடாம வச்சிருந்தா இது பிறகு உனக்குப் பொருந்தாது, என்ன?"

"ஓம் மிஸ்" என்று பெரிதாகத் தலையாட்டினான். வீட்டுக்கு வந்ததும் காலைக் கழற்றி, உரப்பையில் சுற்றி, கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டான்.

கோகுலனுக்கு எட்டு வயது. அவனுடைய பிடிவாதத்துக்கு எண்பது வயது. அம்மா கெஞ்சிப் பார்த்தார். அப்பா புதுப் பந்து வாங்கித் தருவதாகச் சொல்லிப் பார்த்தார். நான் திட்டிப் பார்த்தேன். திட்டுவதில் நான் கெட்டிக்காரி. எதுவும் சரிவரவில்லை.

"கனக்குது" என்பான். "பிறகு போடுறன்" என்பான். ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு அவன் முற்றத்தில் பாய்கிற பாய்ச்சலுக்குக் கோழிகள் சிதறி ஓடும். "பார், எனக்கு இதுவே காணும்" என்பான்.

மாதம் முடியப் பன்னிரண்டு நாட்கள்தான் இருந்தன.

இது நடந்தது 2004ஆம் ஆண்டு. கனகராயன்குளத்தில் அப்போது மின்சாரம் இல்லை. ஆனால் றோட்டோரத்தில் இருந்த கச்சு முகம்மது நானாவின் கடையில் ஒரு ஜெனரேற்றர் இருந்தது. சனிக்கிழமை பின்னேரங்களில் நானா ரி.வி.யைக் கடை வாசலுக்குக் கொண்டுவந்து, பிள்ளைகளுக்குக் காட்டூன் படம் போடுவார். நானாவின் மகள் றுமானா என் வகுப்புத் தோழி. ஆகவே எனக்கும் தம்பிக்கும் எப்போதும் முன் வரிசை வாங்கில் இடம் கிடைக்கும்.

அந்தச் சனிக்கிழமை புதுப் படம் பாதியில் சிக்கி நின்றுவிட்டது. நானா வேறொரு சீடியைப் போட்டார். அது பழைய படம். ஒரு கன்றுக்குட்டி காகத்தைத் துரத்திக்கொண்டு ஓடுகிறது. அவ்வளவுதான் கதை. கோடுகள் எல்லாம் மெல்ல மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தன.

"ஐயே, கோடு ஆடுது!" என்று பின் வாங்கில் இருந்த பெடியள் சத்தம் போட்டார்கள். "நானா, புதுப் படம் போடுங்கோ!"

"கொஞ்சம் பொறுங்கடா. இது கையால கீறின படம்" என்றார் நானா. "ஒரு நிமிசம் ஓடுறதுக்கு ஆயிரம் படம் கீறவேணுமாம். முந்திக் கன ஆக்கள் இதையே வேலையாச் செய்தவங்களாம். இப்ப எல்லாம் கொம்பியூட்டர்தானே. அந்த ஆக்களுக்கு வேலை இல்லாமப் போயிட்டாம். சீடி விக்கிறவர் சொன்னார்."

ஆயிரம் படமா! எனக்கு ஒரு பூசணிக்காய் கீறி முடிக்கவே அரை மணித்தியாலம் வேண்டும்.

கோகுலன் சத்தம் போடவில்லை. கன்றுக்குட்டி தடுக்கி விழுந்து, காலை உதறி, எழும்பி ஓடியபோது அவன் வாங்கின் நுனிக்கே வந்துவிட்டான்.

"அக்கா, அது எழும்புற விதத்தைப் பார்!"

அவன் அப்படி வாயைத் திறந்துகொண்டு எதையும் பார்த்து எவ்வளவோ நாளாகிவிட்டது. எனக்கு உடனே ஒரு யோசனை வந்தது.

வீட்டுக்கு வந்ததும் போன வருடக் கணக்குக் கொப்பியில் எழுதாமல் மிஞ்சிய தாள்களை உள்ளங்கை அளவுக்கு வெட்டி, ஊசி நூலால் தைத்தேன். ஒவ்வொரு தாளிலும் ஒரு பையனைக் கீறினேன். ஒவ்வொன்றிலும் அவன் கால் கொஞ்சம் கொஞ்சமாக முன்னுக்கு நகரும். தாள்களைப் பெருவிரலால் விறுவிறுவென்று தட்டிவிட்டால் பையன் நடப்பான். இது றுமானா புத்தளத்தில் இருந்த காலத்தில் பழகிய வித்தை. அவள்தான் எனக்குச் சொல்லித் தந்திருந்தாள்.

"இந்தா, பார்" என்று தம்பியிடம் நீட்டினேன்.

"இது ஆர்?"

"நீதான். புதுக் காலைப் போட்டுக்கொண்டு நடக்கிறாய்."

அவன் தட்டிப் பார்த்தான். பிறகு கட்டிலில் விழுந்து விழுந்து சிரித்தான். "இது நானோ? குளத்துத் தாரா மாதிரி ஆடி ஆடியெல்லோ நடக்குது! முழங்கால் பின்பக்கமா மடியுது!"

எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. "நீ நடந்ததை நான் எங்கயடா கண்டன்? காணாததை எப்பிடிக் கீறுறது?"

நான் ஏதோ தந்திரமாகச் சொன்னேன் என்று பிறகு எல்லோரும் மெச்சினார்கள். தந்திரமும் இல்லை, மந்திரமும் இல்லை. கோபத்தில் வந்த வார்த்தைதான்.

கோகுலன் இன்னொருமுறை தட்டிப் பார்த்தான். சிரிப்பு நின்றுவிட்டது. மெல்லக் கட்டிலுக்குக் கீழே ஊர்ந்தான். உரப்பை சரசரத்தது.

"வடிவாப் பார்" என்றான் காலை மாட்டிக்கொண்டு. "பிறகு தாரா மாதிரிக் கீறினியோ தெரியும்."

அடுத்த நாளிலிருந்து எங்கள் வேலை தொடங்கியது. கிணற்றடியிலிருந்து வாசல் படலை வரை, வேலியை ஒரு கையால் பிடித்தபடி அவன் நடக்கவேண்டும். நான் "நில்!" என்றால் அப்படியே நிற்கவேண்டும். நான் பார்த்துக் கீறி முடித்து "நட" என்ற பிறகுதான் அடுத்த அசைவு. பென்சிலை அழுத்திக் கீறினால் அடுத்த தாளில் மெல்லிய தடம் விழும். அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு உடம்பைக் கீறலாம். காலையும் முகத்தையும் மட்டும் ஒவ்வொருமுறையும் அவனைப் பார்த்தே கீறினேன்.

முதல் நாள் அம்மா குசினி வாசலில் அகப்பையோடு அப்படியே நின்றுவிட்டார். ஒன்றும் கேட்கவேண்டாம் என்று நான் கண்ணால் சாடை காட்டினேன். உள்ளே அடுப்பில் சோறு அடிப்பிடித்தது. அன்று யாரும் அதற்காக முகம் சுளிக்கவில்லை.

இருபத்துமூன்றாம் தாள் கீறும்போது எங்கள் சிவப்புக் கோழி குறுக்கே வந்தது. அதையும் கீறவேண்டும் என்று கோகுலன் அடம்பிடித்தான். ஆகவே அந்த ஒரு தாளில் மட்டும் ஒரு கோழி மின்னி மறையும்.

ஒன்பது நாட்களில் நாற்பது தாள்கள் முடிந்தன. முதலில் றுமானாவிடம்தான் காட்டினேன்.

"நடக்கிறான்!" என்று துள்ளினாள் அவள். "யது, உண்மையா நடக்கிறான்!"

மறுபடியும் தட்டினாள். மூன்றாம் முறை தட்டியபோது அவள் புருவம் சுருங்கியது.

"வாய் ஏன் இப்பிடிக் கோணுது?"

நானும் பார்த்தேன். புதுக் கால் நிலத்தில் பதிகிற ஒவ்வொரு தரமும் படத்துப் பையனின் வாய் ஒரு பக்கமாக இழுபட்டது. நாற்பது தாளில் ஐந்து இடத்தில்.

"என்ர கை சறுக்கியிருக்கும்" என்று அழிறப்பரை எடுத்தேன்.

றுமானா என் கையைப் பிடித்தாள். "ஒருக்காச் சறுக்கலாம். அஞ்சு தரமும் அதே இடத்திலயே சறுக்கும்?"

என் கை நின்றுவிட்டது. நான் கண்டதைத்தான் கீறியிருந்தேன். கண்டது என்னவென்றுதான் விளங்காமல் இருந்திருக்கிறேன்.

றுமானா போனதும் தம்பியைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டேன். "அந்தக் காலை ஊண்டேக்க நோகுதோ?"

அவன் வாளிக் கயிற்றைச் சுருட்டத் தொடங்கினான்.

"கோகுலன், உன்னைத்தான் கேக்கிறன்."

"கொஞ்சம்."

"எவ்வளவு கொஞ்சம்?"

"முள்ளுக் குத்துற மாதிரி. உள்ளுக்க ஒரு இடத்தில மட்டும்."

"ஏன்டா இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"சொன்னா அம்மா அழுவா" என்றான். "இந்தக் காலுக்காக அம்மா எத்தினை தரம் பஸ்சில அலைஞ்சவா. அதுவும் நோகுது எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

நாங்கள் எல்லோரும் அவனைப் பிடிவாதக்காரன் என்றோம். நான்தான் அதிகம் சொன்னேன். போதாததற்கு "நில், நில்" என்று அந்த வலியிலேயே அவனை நிறுத்தியும் வைத்திருக்கிறேன். நினைக்கவே வெட்கமாக இருந்தது.

"அப்ப நான் நில் எண்டு சொல்லேக்க ஏன் நிண்டனீ?"

"நீ கீறி முடிக்கவேணுமே. நான் நடக்கிறதைப் பார்க்க எனக்கு ஆசையா இருந்துது."

நான் இலேசில் அழுகிறவள் இல்லை. அன்று அழுதேன்.

"பார்த்தியே, நீயும் தொடங்கிட்டாய்" என்று அலுத்துக்கொண்டான் கோகுலன். "அம்மாட்டச் சொல்லமாட்டன் எண்டு சத்தியம் பண்ணு."

"வாயால சொல்லமாட்டன்" என்று சத்தியம் பண்ணினேன்.

குறித்த நாளில் அம்மாவும் நாங்கள் இருவரும் பஸ் ஏறினோம். ஓமந்தைச் சோதனைச் சாவடியில் இறங்கி, சோதனை முடித்து, மறுபடி ஏறி வவுனியா போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது.

"எங்க, நடந்து காட்டுங்கோ பார்ப்பம்" என்றார் கமலேஸ்வரி மிஸ்.

கோகுலன் சுவர் வரை நடந்துபோய்த் திரும்பி வந்தான். பல்லைக் கடித்துக்கொண்டே சிரித்தும் காட்டினான். அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "கெட்டிக்காரன்!" என்று மிஸ் தன் குறிப்புப் புத்தகத்தைத் திறந்தார். இன்னும் ஒரு நிமிடம் போனால் எங்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

நான் எழும்பிப் போய்ச் சின்னக் கொப்பியை நீட்டினேன். "மிஸ், இதை ஒருக்காப் பாருங்கோ. வாயை மட்டும் பாருங்கோ."

மிஸ் முதலில் சிரித்துக்கொண்டு தட்டினார். இரண்டாம் முறை மெதுவாகத் தட்டினார். மூன்றாம் முறை அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. உடனே குனிந்து கோகுலனின் காலைக் கழற்றினார். அங்கே தோலில் புளியங்கொட்டை அளவில் ஓரிடம் சிவந்து போயிருந்தது.

"இது எத்தினை நாளா இருக்கு?"

கோகுலன் அம்மாவைப் பார்த்தான். அம்மா கொப்பியை வாங்கித் தானே தட்டிப் பார்த்தார். அவர் கண்கள் நிறைந்தன.

"இல்லை அம்மா, கொஞ்சம்தான். அழாதேங்கோ" என்றான் கோகுலன் அவசரமாக.

"நோகுதெண்டு என்னட்டைச் சொல்லாம வேற ஆரிட்டயடா சொல்லப்போறாய்?" அம்மா அவன் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டார். "நான் அழுதா அழுதிட்டுப் போறன். அது என்ர பாடு. நீ சொல்லிப்போடு, ராசா."

மிஸ் காலை உள்ளே கொண்டுபோனார். மேலே கிண்ணம் போல இருக்கும் பகுதியைச் சூடாக்கி, அந்த இடத்தை மட்டும் கொஞ்சம் வெளியே தள்ளி, ஆறவைத்துக் கொண்டுவந்தார். கோகுலன் மாட்டிக்கொண்டு ஓர் அடி வைத்தான். வாயைக் கோணத் தயாராக நின்றான். வலி வரவில்லை. இன்னோர் அடி வைத்தான்.

"அக்கா, முள்ளு இல்லை!"

புறப்படும்போது மிஸ் என்னைக் கூப்பிட்டார். "இஞ்ச வாற சின்னப் பிள்ளையள் கன பேர் இப்பிடித்தான், நோகுது எண்டு வாய் திறக்கிறேல்லை. இந்தக் கொப்பியை அவைக்குக் காட்ட நான் வச்சிருக்கட்டோ? உன்ர தம்பி நோகாம நடக்கிற மாதிரியும் ஒண்டு கீறித் தருவியே, பிள்ளை?"

"ஓம் மிஸ்" என்றேன். தம்பி சொன்ன "ஓம் மிஸ்" போல இல்லை. உண்மையான ஓம்.

பஸ்ஸில் வரும்போது, அந்தக் கன்றுக்குட்டிப் படத்தைக் கீறிய ஆட்களை நினைத்துக்கொண்டேன். அவர்கள் எந்த ஊர், என்ன பேர், எதுவும் எனக்குத் தெரியாது. ஒரு கன்றுக்குட்டி விழுந்து எழும்புவதை எத்தனை நாள் பார்த்திருந்தால் அப்படிக் கீறியிருப்பார்கள்! அவர்கள் அதை அவ்வளவு கவனமாகப் பார்த்ததால்தான் நானும் என் தம்பியைக் கவனமாகப் பார்த்தேன். சன்னல் பக்கம் திரும்பி அவர்களுக்கு நன்றி சொன்னேன். நானாவுக்கும் றுமானாவுக்கும் வீட்டுக்கே போய்ச் சொல்லலாம்.

அடுத்த நாள் பின்னேரம் புதுத் தாள்களைத் தைத்துக்கொண்டு கிணற்றடியில் உட்கார்ந்தேன். றுமானாவும் ஒரு கொப்பி கொண்டுவந்திருந்தாள். "கோடு ஆடுது" என்று சத்தம் போட்ட பெடியளில் இரண்டு பேர்கூட, "எங்களுக்கும் சொல்லித் தாங்கோவன்" என்று பென்சிலோடு வந்து நின்றார்கள். நான் கொஞ்சம் கெப்பர் காட்டிவிட்டுச் சரி என்றேன்.

"நட" என்றேன்.

கோகுலன் வேலியைப் பிடிக்காமல் நடக்கத் தொடங்கினான்.

"நில்!"

அவன் நிற்கவில்லை.

"நில்லுடா, இன்னும் ஒரு கோடுகூடக் கீறேல்லை!"

அவன் படலையைத் திறந்துகொண்டு ஒழுங்கையில் இறங்கினான். "கெதியாக் கீறுங்கோ!" என்ற குரல் மட்டும் திரும்பி வந்தது.

நாங்கள் நான்கு பேரும் வெறும் கொப்பிகளோடு படலைக்கு ஓடினோம். யாரும் ஒன்றும் கீறவில்லை. அவன் நடக்கிறதைப் பார்த்துக்கொண்டே நின்றோம்.