இரண்டாவது பிடி

லின்சியின் அப்பாவுக்கு வயலில் தெரியாத வேலை இல்லை. அடுப்படியில்தான் ஒன்றும் தெரியாது. அம்மா குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போய் நான்கு மாதம் ஆகியும், மூன்று பேருக்கே அரிசி அளப்பார். தினமும் சோறு மிஞ்சும். அதைப் பார்த்துவிட்டு இருவரும் எழுந்து கை கழுவுவார்கள்.

ஆற்றில் தண்ணீர் வராமல் சம்பா கருகியதால்தான் அம்மா போனார். போகும்போது அடுப்படியில் இருந்த பால்பவுடர் டப்பாவைத் தட்டிக் காட்டினார்.

அது பிடி அரிசி டப்பா. உலை வைக்கும்போதெல்லாம் அம்மா ஒரு பிடி அரிசியை அதில் போட்டு, யாராவது ஒருவருக்காக ஜெபிப்பார். ஞாயிற்றுக்கிழமை அந்த அரிசி கோயிலுக்குப் போகும், அங்கிருந்து இல்லாதவர் வீட்டுக்கு.

"அரிசியப் பாத்தா ஜெபம் ஞாபகம் வந்துடும் லின்சி. இனிமே எனக்காக நீ போடு."

"சரிம்மா."

முதல் வாரம் போட்டாள். பிறகு பரீட்சை வந்தது, காய்ச்சல் வந்தது, கடைசியில் மறதி வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

வெள்ளிக்கிழமைதோறும் வலங்கைமான் கடைத்தெருவில் இருந்த ஜெக்கரியா மாமாவின் டெலிபோன் பூத்துக்கு அம்மா போன் செய்வார். ஒரு வாரம் அப்பா பேசி முடித்ததும் லின்சி ரிசீவரை வாங்கினாள்.

"பிடி அரிசி போடுறியா கண்ணு?"

"போடுறேம்மா."

"அது போதும். அத நெனச்சுக்கிட்டுத்தான் இங்க நாளக் கடத்துறேன்."

லின்சி வீட்டுக்கு ஓடி வந்து டப்பாவைத் திறந்தாள். அடியில் கொஞ்சம் அரிசியும் அதில் வண்டும்தான் இருந்தன. அழுகையாக வந்தது.

ஒரேயடியாக நிரப்பிவிடலாம் என்று அரிசிப் பானைக்குள் கையை விட்டாள். நான்கு மாத ஜெபத்தை ஒரே நாளில் முடிக்க முடியுமா என்ன? அது இன்னொரு பொய்தானே.

டப்பாவைச் சுத்தம் செய்து, ஒரே ஒரு பிடி போட்டாள். "ஆண்டவரே, எங்கம்மாவப் பாத்துக்குங்க" என்றாள். மறுநாளும் போட்டாள், அதற்கு மறுநாளும்.

அடுத்த வெள்ளிக்கிழமை போனில் முதல் பேச்சே அதுதான்.

"அம்மா, நான் பொய் சொல்லிட்டேன். மறந்தே போயிட்டேன். இப்ப ஒரு வாரமாத்தான் போடுறேன்."

ஜெக்கரியா மாமா மெல்ல எழுந்து வாசலுக்குப் போய் நின்றுகொண்டார்.

"கோவமாம்மா?"

"இல்ல கண்ணு. இங்க உலை வைக்கிறப்ப என் கையும் தானா ஒரு பிடி எடுத்துடுது. அரிசி அவங்களோடது. போட டப்பாவும் இல்ல. ஜெபத்த மட்டும் சொல்லிட்டு, திரும்ப மூட்டையிலயே கொட்டிடுறேன்."

"யாருக்காகம்மா ஜெபம்?"

"வேற யாருக்கு?" என்றார் அம்மா.

மறுநாள் அப்பா வழக்கம்போல மூன்று பேருக்கு அரிசி அளந்தார். லின்சி தன் பிடியைப் போட்டுவிட்டு டப்பாவை அவரிடம் நீட்டினாள்.

"அம்மாவோட பிடிய நீங்க போடுங்கப்பா. அங்க போட எடமில்லையாம்."

அப்பா கோயிலில்கூட வாய்விட்டு ஜெபித்ததில்லை. அளந்த அரிசியிலிருந்து தம் பெரிய கையால் ஒரு பிடி அள்ளி, டப்பாவுக்கு மேலே பிடித்தபடி வெகுநேரம் நின்றார்.

"ஆண்டவரே... அவ வேளைக்குச் சாப்பிடுறாளான்னு பாத்துக்குங்க" என்றார். பிறகுதான் கை விரிந்தது.

அன்று சோறு மிஞ்சவில்லை.