தண்ணீர் காட்டிய தடம்

பழைய நூல் ஆலைக் கட்டடம் நூலகமாகப் போகிறது. அதன் மாடிக்கூடத்து மரத்தரையை மெஷினால் தேய்த்துக் கண்ணாடிபோல ஆக்கித் தருவதாகச் சொல்லியிருந்தார் தச்சர். அப்பாவுக்கு உதவப் போகிறேன் என்று வந்த அவருடைய பத்து வயது மகள், காலையிலிருந்து அவர் காலைத்தான் சுற்றிக்கொண்டிருந்தாள். வீட்டில் அவளுக்குப் பெயரே வாலு.

ஆலையின் வரலாற்றை எழுத வந்த அக்கா, பழைய காகிதங்களைக் கிளறிவிட்டு முகமெல்லாம் தூசியோடு உள்ளே வந்தார்.

"முதலாளி படம் இருக்கு. எத்தனை மெஷின் ஓடுச்சுன்னு எழுதியிருக்கு. வேலை செஞ்சவங்களைப் பத்தி மட்டும் ஒரு வரிகூட இல்ல."

"அவங்க இருந்ததுக்கு அடையாளமே இல்லையாக்கா?"

"இல்லடா கண்ணு. தேடாத இடமில்ல."

அக்காவைப் பார்க்க வாலுவுக்குப் பாவமாக இருந்தது. முகம் கழுவட்டுமே என்று ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பாதி வழியில் கால் இடறியது. மொத்தத் தண்ணீரும் தரையில்!

"போச்சு! மெஷினைப் போடுற நேரத்துல மரத்தை நனைச்சிட்டியே! தச்சன் பொண்ணு செய்யிற வேலையா இது?" என்று அப்பா தலையில் கை வைத்தார்.

வாலு துணியோடு ஓடினாள். குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். தண்ணீர் நாலாபக்கமும் பரவவில்லை. ஓரடி அகலத்தில், கூடத்தின் நீளத்துக்கு நேராக ஓடி நின்றது. சன்னல் வெயிலில் அது பளபளத்தது. இரண்டு பக்கமும் மெஷின்களைத் தரையோடு முடுக்கியிருந்த துளைகள். செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தை வைத்துப் பார்த்தாள். அங்கே மரம் லேசாகக் குழிந்திருந்தது.

"அப்பா, மெஷினைப் போடாதீங்க!"

"ஏன், இன்னொரு வாளி ஊத்தணுமா?"

"ஆமாப்பா!"

ஊற்றியே விட்டாள். அடுத்த வரிசையிலும் அதேபோல ஒரு நீளமான தடம் மின்னியது. அக்கா மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"இங்க வேலை செஞ்சவங்க அறுந்த நூலை முடிஞ்சுக்கிட்டே மெஷின் ஓரமா நடந்திருக்காங்க," என்று மெதுவாகச் சொன்னார். "நாள் முழுக்க. ஆலை ஓடின அறுபது வருஷமும்."

"தேய்ச்சா இதெல்லாம் போயிடுமாப்பா?"

அப்பா குனிந்து குழிவை உள்ளங்கையால் தடவினார்.

"இரும்பு மாதிரி மரம் இது. ஒரு மயிரிழை எடுக்க என் மெஷினே திணறும். இவங்க வெறுங்காலாலேயே இழைச்சிருக்காங்களே!"

"ஏன் தரை மேடு பள்ளமா இருக்குன்னு யாராவது கேட்டா நான் சொல்லிக்கிறேன் அண்ணே," என்றார் அக்கா.

அப்பா மெஷின் வயரைப் பிடுங்கிச் சுருட்டி வைத்தார். செருப்பைக் கழற்றினார். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் மின்னிய அந்தத் தடத்தில் கூடத்தின் கடைசிவரை நடந்தார்.